சாவி இல்லாத வண்டி

எங்கள் வண்டிக்குச் சாவி கிடையாது. முகப்பு விளக்குக்கு மேலே சாவி போடுகிற துளை மட்டும் இருக்கிறது. இருபத்தைந்து வருடத்துக்கும் மேலாக அதில் யாரும் எதையும் நுழைத்ததில்லை. கூட்டங்களுக்குப் போகிற இடத்தில் மாணவத் தோழர்கள் வண்டியைச் சுற்றி நின்று பார்ப்பார்கள். "புல்லட்டா தோழர்?" என்பார்கள். கொஞ்சம் விவரம் தெரிந்தவர், "பாத்தா புல்லட்டு மாதிரி இருக்கு, சத்தம் வேற மாதிரி இருக்கே" என்பார். கடைசியில் ஒருத்தர் கேட்பார்: "சாவி எங்க தோழர்? இப்படியே உட்டுட்டுப் போறீங்களே, எவனாவது எடுத்துக்கிட்டுப் போயிட்டா?" முடிந்தால் கிளப்பிப் பாருங்கள் என்று சிரித்துவிட்டு வந்துவிடுவேன். சாவி போன கதையை நின்ற நிலையில் சொல்ல முடியாது. அது வண்டியின் கதை, என் நைனாவின் கதை. என் அக்காவின் கதையும்தான். மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

இது டீசலில் ஓடுகிற புல்லட். டாரஸ் என்று பெயர். லத்தீன் மொழியில் காளை என்று அர்த்தமாம். 1990களில் திருவொற்றியூர் தொழிற்சாலையிலிருந்து வந்தது. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் கம்பெனியும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் கூட்டுச் சேர்ந்து தொடங்கிய தொழிற்சாலை அது. இந்திய ராணுவத்துக்கு எல்லையில் ஓட்ட வண்டி தேவைப்பட்டதுதான் அதற்குக் காரணம். இங்கிலாந்துக் கம்பெனி 1970ஐ ஒட்டி இல்லாமலே போனது. திருவொற்றியூரில் மட்டும் அதே புல்லட் வந்துகொண்டிருந்தது. அந்தப் புல்லட்டின் சட்டத்தில் பெட்ரோல் என்ஜினைத் தூக்கிவிட்டு, இத்தாலியின் லோம்பார்டினி கம்பெனி வடிவமைத்து இங்கே கிரீவ்ஸ் கம்பெனி தயாரித்த 325 சிசி டீசல் என்ஜினை உட்கார வைத்தார்கள். கழனியில் தண்ணீர் இறைக்கிற என்ஜின்களின் ஜாதி அது. (ஜாதி என்ற சொல்லை இந்த ஒரு இடத்தில்தான் நான் சந்தோஷமாக எழுதுகிறேன்.) எலும்பு இங்கிலாந்து, வயிறு இத்தாலி, செய்த கை திருவொற்றியூர்த் தொழிலாளியின் கை.

பார்வைக்கும் கணக்குக்கும் இது ஒரு கோணல் வண்டிதான். எடை இருநூறு கிலோவை ஒட்டி வரும். சக்தியோ ஆறரைக் குதிரைதான். அதே காலத்துப் பெட்ரோல் புல்லட்டுக்குப் பதினெட்டு. எத்தனை முறுக்கினாலும் 65 கிலோமீட்டருக்கு மேல் போகாது. பள்ளிக்கூடத்துப் பையன்கள் மொபெட்டில் முந்திக்கொண்டு போவார்கள். ஆனால் லிட்டருக்கு எழுபது கிலோமீட்டர் குறையாமல் கொடுக்கும். 1990களில் பெட்ரோல் விலையில் பாதிகூட டீசலுக்குக் கிடையாது. டேங்கை நிரப்பிவிட்டால் மாநிலத்தின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் போய்விடலாம். வேகமாகப் போக அல்ல, தூரமாகப் போகச் செய்த வண்டி. வேகமாகப் போக வேண்டிய அவசியம் யாருக்கு இருக்கிறது, தூரமாகப் போக வேண்டிய அவசியம் யாருக்கு இருக்கிறது என்பதை நான் பின்னால்தான் யோசித்தேன்.

நைனா பம்புசெட் மெக்கானிக். செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் மல்லாட்டை போடுகிற பூமி எங்களுடையது. எங்களுடையது என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன். பூமி அவர்களுடையது, வேலை எங்களுடையது. பதிமூன்று வயசில் ஒரு ஊர்க்காரர் கழனியில் மாடு ஓட்டப் போனவர், அங்கே மோட்டார் கொட்டாயில் இருந்த டீசல் என்ஜினைப் பார்த்தார். அது கெட்டுப்போனால் டவுனிலிருந்து மெக்கானிக் வருவார். சாமான் பையைத் தூக்கிக்கொண்டு கேணி வரைக்கும் போவது நைனாவின் வேலை. அவர் பிரிக்கப் பிரிக்கப் பார்த்துக்கொண்டே நிற்பார். ஒருநாள் மெக்கானிக் வரவில்லை, நாற்று காய்ந்தது, நைனா பிரித்தார், என்ஜின் ஓடியது. அதிலிருந்து சுத்துப்பட்டுப் பத்து ஊருக்கு அவர்தான் மெக்கானிக். என்ஜினைத் தொடலாம். என்ஜின் இறைத்த தண்ணீரைக் குடிக்கக் கை ஏந்தி நிற்கணும். சொம்பைத் தூக்கி மேலே இருந்து ஊத்துவார்கள். அதே தண்ணீரை ஓட வைத்தவர் அவர்.

சைக்கிள் வைத்திருந்தார். ஊர்த் தெருவுக்குள் நுழையும்போது இறங்கித் தள்ளிக்கொண்டு போகணும், தெரு முடிந்ததும் ஏறிக்கணும். சாமான் பையோ இருபது கிலோ. எங்கள் காலனியிலிருந்து தார் ரோட்டுக்குப் போக ஊர்த் தெருவை விட்டால் வேறு வழி இல்லை. திருவிதாங்கூரில் அய்யன்காளி 1893இல் வில்லுவண்டி வாங்கி, பொதுச் சாலையில் ஓட்டிக்காட்டினார். 1924இல் சென்னை சட்டசபையில் பொதுச் சாலை, பொதுக்கிணறு எல்லாருக்கும் உரியது என்று இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவந்தார். எம்.ஏ. படித்தபோது இதையெல்லாம் படித்துவிட்டு நைனாவிடம் சொன்னேன். "அந்தத் தீர்மானம் நம்ம தெரு வரைக்கும் வர்ல போல. இறங்கித் தள்ளிக்கிட்டு வருது" என்றார்.

1996இல் இந்த வண்டியை வாங்கினார். பால் ஏற்றிக்கொண்டிருந்த ஒருவர், மெக்கானிக் கிடைக்காமல் சலித்துப்போய் விற்றார். அம்மாவின் தோடும் ஒரு கறவை மாடும் போயின. "பெட்ரோல் வண்டி வாங்கினா இன்னொருத்தன் கையப் பாக்கணும். இது நம்ம கேணி என்ஜின். கண்ண மூடிக்கிட்டுப் பிரிப்பேன்" என்று அம்மாவுக்குச் சமாதானம் சொன்னார். அடுத்த வருடம் ஜூன் 30ஆம் தேதி, பேருந்தில் வந்துகொண்டிருந்த மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனையும் அவரோடு ஆறு பேரையும் வழிமறித்து வெட்டிக் கொன்றார்கள். செய்தி கேட்ட அன்று ராத்திரி நைனா வண்டியின் பக்கத்தில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

இந்த என்ஜின் எப்படி ஓடுகிறது என்பதை எனக்கு அவர் சைக்கிள் பம்பை வைத்துத்தான் சொல்லிக்கொடுத்தார். டியூபுக்கு வேகவேகமாகக் காற்றடிக்கச் சொன்னார். "இப்ப பம்போட அடியத் தொட்டுப் பாரு" என்றார். சுட்டது. "நெருப்பு வெச்சமா? இல்ல. காத்த அமுக்கினம். அமுக்கினா காத்துக்குச் சூடு வரும். அவ்வளவுதான் டீசல் என்ஜின்." பெட்ரோல் புல்லட்டில் காற்றையும் பெட்ரோலையும் கலந்து ஆறரை மடங்கு அமுக்கி, பிளக்கில் பொறி தட்டிக் கொளுத்துகிறார்கள். டீசலில் வெறும் காற்றைப் பதினேழு பதினெட்டு மடங்கு அமுக்குகிறார்கள். காற்று ஐந்நூறு டிகிரிக்கு மேல் கொதிக்கிறது. அந்த நேரத்தில் டீசலைப் பொடிப்பொடியாகப் பீய்ச்சினால் அதுவாகவே பற்றிக்கொள்கிறது. பிளக் இல்லை, காயில் இல்லை, கார்புரேட்டர் இல்லை. வெளியிலிருந்து யாரும் பொறி வைக்க வேண்டாம். அமுக்கின அமுக்கலிலேயே நெருப்பு இருக்கிறது. இதை உவமையாக வைத்து நான் ஒரு கவிதை எழுதினேன். நைனாவிடம் படித்துக் காட்டியபோது, "அதெல்லாம் இருக்கட்டும், நாசில் சரியா பீச்சலன்னா அமுக்கி என்னா பண்ணுவ?" என்று கேட்டார். கவிதையைக் கிழித்துவிட்டேன்.

அமுக்கல் இவ்வளவு பலமாக இருப்பதால் சும்மா உதைத்துக் கிளப்ப முடியாது. உதைக்கிறவனைத் திருப்பி உதைக்கும். அதற்காக ஒரு சின்ன லீவர் உண்டு. டீகம்ப்ரஷன் லீவர். அதைப் பிடித்தால் வால்வு கொஞ்சம் திறந்துகொண்டு அமுக்கல் வெளியேறிவிடும். முதலில் கிக்கரை மெல்ல மிதித்து இறுக்கம் வருகிற இடத்தைக் காலால் தேடணும். லீவரைப் பிடிக்கணும். முழு உடம்பையும் இறக்கி மிதிக்கணும். உள்ளே இருக்கிற கனமான சக்கரம் வேகம் பிடித்த அந்த நொடியில் லீவரை விடணும். டொப் என்று ஒரு சத்தம், அப்புறம் டப், டப், டப். பலம் முக்கியமில்லை, நேரம்தான் முக்கியம். கிளம்பிவிட்டால் தானாக நிற்காது. நிறுத்துவதற்கு டீசல் வருவதைத் தடுக்கணும், அல்லது லீவரைப் பிடித்து அமுக்கலை விடணும். சாவிக்கும் என்ஜினுக்கும் சம்பந்தமே இல்லை. சாவி விளக்குக்கும் ஹாரனுக்கும்தான்.

இது தெரியாதவர்கள்தான் எங்கள் சாவியைப் பிடுங்கினார்கள்.

1999. எனக்குப் பதினோரு வயசு. ஒரு கழனியில் வேலை முடித்துவிட்டு இருட்டின பிறகு வருகிறோம். நான் பின்னால் சாமான் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வாங்கின மூணு வருஷமாக ஊர்த் தெருவில் நைனா என்ன செய்துகொண்டிருந்தார் என்பதைச் சொல்லிவிடணும். தெரு முனையில் இறங்கமாட்டார். ஆனால் ஓட்டவும் மாட்டார். முதல் கியரில் போட்டு, இரண்டு காலும் தரையில் தேய, நடக்கிற வேகத்தில் உருட்டிக்கொண்டு போவார். இறங்கின மாதிரியும் ஆச்சு, இறங்காத மாதிரியும் ஆச்சு. இருநூறு கிலோ வண்டியைத் தள்ள முடியாது என்பது அவர் வைத்திருந்த சாக்கு. அன்றைக்கு டீக்கடைக்கு முன்னால் நாலு பையன்கள் குறுக்கே நின்றார்கள். என்னைவிட ஏழெட்டு வயசு மூத்தவர்கள் இருப்பார்கள். நைனாவுக்கு நாற்பதுக்கு மேல்.

"என்னாடா, டப்பு டப்புன்னு தெருவ அதிர உட்டுக்கிட்டு? இறங்குடா."

"இறங்கினா தள்ள முடியாதுங்க, கனமான வண்டி."

"அப்ப வாங்காத."

ஒருத்தன் கையை நீட்டிச் சாவியைத் திருகிப் பிடுங்கினான். விளக்கு அணைந்துவிட்டது. என்ஜின் நிற்கவில்லை. டப், டப், டப். பிடுங்கினவன் கையில் இருக்கிற சாவியைப் பார்த்தான், வண்டியைப் பார்த்தான். டீக்கடையில் யாரோ, "என்னாடா இது, சாவி இல்லாம ஓடுது!" என்றார்கள். ஒரு சிரிப்புகூடக் கேட்டது. நைனாவின் இடது கை லீவருக்குப் பக்கத்திலேயே இருந்தது. அதைப் பிடித்தால் என்ஜின் நின்றுவிடும். பயந்து நின்றவர்களுக்கு முன்னால் அடங்கிப்போவதற்கு அந்த ஒரு விரல் அசைவு போதும். நின்றால் திரும்பக் கிளப்ப அந்த இடத்தில் விடமாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். அவர் லீவரைப் பிடிக்கவில்லை. கால்களைத் தூக்கி மேலே வைத்தார். கிளட்சை விட்டார். விளக்கில்லாத இருட்டில், ஊர்த் தெருவில், முதல்முறையாக இரண்டாவது கியர் போட்டார். பின்னால் கல் வந்து விழுந்தது, ஒன்று என் முதுகில் பட்டது. வீட்டுக்கு வந்து நிறுத்தினதும் அவர் கை நடுங்கியதை நான் பார்த்தேன். வீரம் என்று நான் எழுதினால் அவர் கோபப்படுவார். "நிறுத்தினா மாட்டிக்குவம்னுதாண்டா ஓட்டினேன்" என்றுதான் கடைசி வரைக்கும் சொன்னார்.

சாவி ஊர்ப் பொதுக்கேணியில் கிடந்ததாக அப்புறம் கேள்விப்பட்டோம். அந்தக் கேணியில் இறங்கி எடுக்க எங்களுக்கு உரிமை இல்லை. காவல் நிலையத்தில், "சாவிதானய்யா, புதுசா ஒண்ணு போட்டுக்க, இதுக்கெல்லாம் கேசா?" என்று அனுப்பிவிட்டார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989லேயே வந்துவிட்டது. ஆனால் தலித்துகள் சைக்கிளிலோ மோட்டார் சைக்கிளிலோ ஏறிப்போவதைத் தடுப்பது குற்றம் என்று பெயர் சொல்லி எழுத 2015இல் ஒரு திருத்தம் தேவைப்பட்டது. அது 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. சட்டப் புத்தகத்தில் மோட்டார் சைக்கிள் என்ற சொல்லைப் படித்த அன்றைக்கு நைனாவுக்குப் போன் போட்டேன். எத்தனை பேரைத் தெருவில் இறக்கிவிட்ட பிறகு அந்தச் சொல் அங்கே ஏறியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள், தோழர்களே.

நைனா புதுச் சாவி போடவில்லை. விளக்கு வயரைப் பிரித்து, வீட்டில் போடுகிற சாதாரண சுவிட்சு ஒன்றைப் பக்கத்தில் திருகினார். அந்தத் துளையை மட்டும் அப்படியே விட்டுவைத்தார். நாலு மாசம் யாரும் அவரை வேலைக்குக் கூப்பிடவில்லை. அப்புறம் கார்த்திகையில் ஒருத்தர் கேணியில் என்ஜின் நின்றுபோய் ஆள் அனுப்பினார். நைனா வண்டியிலேயே போனார், தெருவில் இறங்காமல். யாரும் மறிக்கவில்லை. சிலபேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அன்றைக்கும் தண்ணீர் கையில்தான் ஊத்தினார்கள். ஒன்று மாறினால் எல்லாம் மாறிவிடும் என்று எழுதுவது நம் பத்திரிகைகளில் ஒரு பழக்கமாகிவிட்டது. அப்படி ஒன்றும் ஆகவில்லை.

இந்த வண்டியை வைத்துக் காப்பாற்றுவது தனிப் பாடு. அதிர்வில் நட்டு போல்ட்டெல்லாம் தானாகக் கழன்றுவிடும். நம்பர் பிளேட் வெடிக்கும், பல்பின் இழை அறுந்துபோகும், கண்ணாடியில் பின்னால் வருகிற லாரி நாலு லாரியாகத் தெரியும். நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை நிறுத்தி ஒவ்வொரு நட்டையும் கையால் தொட்டுப் பார்க்கணும் என்பது நைனாவின் சட்டம். கியர் வலது காலில், பிரேக் இடது காலில். வேறு வண்டி ஓட்டிப் பழகினவர் பிரேக் என்று நினைத்துக் கியரை மிதித்துவிடுவார். நியூட்ரலைத் தேடிப் பிடிக்க மட்டும் தனியாக ஒரு மிதி உண்டு.

புகையைப் பார்த்தால் நோய் தெரியும். கறுப்பாக வந்தால் டீசல் அதிகம் அல்லது காற்று குறைவு, ஏர் ஃபில்டரைப் பார். நீலமாக வந்தால் என்ஜின் ஆயில் எரிகிறது, ரிங்கோ வால்வு கைடோ தேய்ந்துவிட்டது. கிளப்பி வெகுநேரம் வெள்ளையாகவே வந்தால் டீசல் எரியாமல் போகிறது. வால்வு இடைவெளியை என்ஜின் ஆறிக் குளிர்ந்த பிறகுதான் வைக்கணும். ஃபீலர் கேஜ் வாங்கக் காசில்லாத காலத்தில் நைனா சவர பிளேடையும் ஒரு துண்டுத் தாளையும் சேர்த்து நுழைத்து அளந்தார். ஒரு பிளேடின் கனம் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. முகம் மழிக்கிற பிளேடுக்கு இப்படி ஒரு உத்தியோகம் இருப்பது அம்பட்டனுக்கும் தெரியாது, என்ஜினியருக்கும் தெரியாது என்று சொல்லிச் சிரிப்பார். அந்தச் சாதிப் பெயரை அப்படிச் சொல்லாதே நைனா என்று ஒருமுறை நான் தடுத்தேன். யோசித்துவிட்டு, "ஆமாம், நம்மளயும் அப்படித்தான சொல்றானுங்க" என்றார். அதற்குப் பிறகு முடிவெட்டுகிற அண்ணன் என்றுதான் சொல்வார்.

உயிர்நாடி டீசல் பம்பும் நாசிலும்தான். பம்புக்குள் ஒரு சின்ன உலக்கை ஏறி இறங்குகிறது. அதற்கும் அது போகிற குழாய்க்கும் நடுவில் தலைமுடி நுழைகிற இடைவெளிகூட இருக்காது. ஒரு மணல்துகள் போனால் கீறிவிடும். அதனால் டீசலை வடிகட்டாமல் ஊத்தக் கூடாது. நாசிலைக் கழற்றி வெளியே வைத்து மிதித்துப் பார்த்தால், மார்கழிப் பனி மாதிரி பீய்ச்சணும். மூத்திரம் மாதிரி ஒழுகினால் நாசில் போச்சு. அப்போது முன்னால் கையை வைக்கக் கூடாது. அந்த வேகத்தில் வருகிற டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு போய்விடும்.

எல்லாவற்றையும்விட ஏர் லாக். டேங்க் காய்ந்துபோனால் குழாயில் காற்று புகுந்துவிடும். காற்றை அமுக்கினால் சுருங்கும், டீசல் சுருங்காது. நடுவில் காற்று இருந்தால் பம்பு அடிக்கிற அடி எல்லாம் அந்தக் காற்றைச் சுருக்குவதிலேயே போய்விடும், நாசில் திறக்காது. ஃபில்டரில் ஒரு திருகைத் தளர்த்தி நுரை போகும்வரை டீசலை வழியவிட்டு இறுக்கணும். அப்புறம் பம்பில். அப்புறம் நாசிலுக்குப் போகிற குழாயின் நட்டைத் தளர்த்தி, சொட்டுச் சொட்டாக வரும்வரை மிதிக்கணும். வரிசை மாறக் கூடாது. அவசரப்பட்டால் விடிய விடிய மிதித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இதையெல்லாம் நைனா எனக்குத்தான் சொல்லிக்கொடுத்தார். அக்காவுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. என்னைவிட இரண்டு வயசு மூத்தவள். எனக்குப் பாடம் நடக்கும்போது டார்ச் விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பது அவள் வேலை. கிட்டே வந்து பார்த்தால், "அந்தாண்ட போம்மா, துணியெல்லாம் எண்ணெ ஆயிடும்" என்பார். சாமான் பையைத் தூக்கிக்கொண்டு நின்று பார்த்தே கற்றுக்கொண்டவர், விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மகளும் பார்த்துக்கொண்டுதான் இருப்பாள் என்று நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை. அதை நான் சேர்த்துத்தான் எழுதணும்.

2011 ஐப்பசி. நான் ஊரில் இல்லை, எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். ராத்திரி பதினோரு மணிக்கு நைனாவுக்கு நெஞ்சுவலி. மழை. காலனிக்கு வருகிற மண்பாதையில் முழங்கால் தண்ணி. ஆம்புலன்சுக்குச் சொன்னால் தார் ரோட்டோடு நின்றுவிடும், அதுவும் வரும்போதுதான். வண்டியில் டீசல் தீர்ந்துபோய் ஒரு வாரமாக நின்றுகொண்டிருந்தது. பக்கத்து வீட்டில் ஒரு கேன் டீசல் இருந்தது. அதை ஊத்தி மிதித்தால் கிளம்பாது. ஏர் லாக். அம்மா பிடித்த டார்ச் வெளிச்சத்தில் அக்கா ஃபில்டர் திருகைத் தளர்த்தினாள். நுரை போனது. பம்பு. பிறகு நாசில் குழாய். இருபத்தைந்து வயசு, ஐம்பது கிலோகூட இருக்கமாட்டாள். இறுக்கம் வருகிற இடத்தைக் காலால் தேடி, லீவரைப் பிடித்து, மிதித்து, விட்டாள். மூன்றாவது மிதியில் கிளம்பியது. நைனாவை நடுவில் உட்காரவைத்து, பின்னால் அம்மா பிடித்துக்கொள்ள, ஊர்த் தெரு வழியாகப் பதினோரு கிலோமீட்டர் ஓட்டினாள். அன்றைக்கு யாராவது மறித்திருந்தால் நிறுத்தியிருப்பியா என்று அப்புறம் கேட்டேன். "எப்படி நிறுத்தறதுன்னே அப்ப ஞாபகம் இல்லடா" என்றாள்.

நைனா பிழைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண்ணைத் திறந்து முதலில் கேட்டது, "யாரும்மா உனக்குச் சொல்லிக் குடுத்தது?"

"நீதான். இவனுக்குச் சொல்லிக் குடுத்தியே, அப்ப."

அவர் பேசவில்லை. ஊருக்குத் திரும்பினதும், எனக்குக்கூடச் சொல்லித்தராமல் வைத்திருந்த ஒன்றை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார். பம்புக்கு அடியில் மெல்லிய தகடுகளைக் கூட்டிக் குறைத்து, டீசல் பீய்ச்சுகிற நேரத்தை அமைக்கிற வித்தை அது. ஒரு தகடு கூடினால் பீய்ச்சுவது தள்ளிப்போகும், குறைந்தால் முந்திக்கொள்ளும். அதற்கப்புறம் ஒன்பது வருஷம் உயிரோடு இருந்தார்.

அம்பேத்கர் தன் வாழ்க்கையில் நடந்த இரண்டு வண்டிக் கதைகளை எழுதியிருக்கிறார். 1901இல் ஒன்பது பத்து வயசுப் பிள்ளையாக, அப்பாவைப் பார்க்க ரயிலில் மசூர் நிலையம் வரைக்கும் போகிறார். இவர்கள் மகர் என்று தெரிந்ததும் எந்த மாட்டு வண்டிக்காரனும் ஏற்றவில்லை. கடைசியில் ஒருத்தன் இரட்டைக் கூலிக்கு ஒத்துக்கொண்டான். பிள்ளைகளே ஓட்டணும், அவன் கூட நடந்து வருவான் என்று பேச்சு. 1929இல் சாலிஸ்கானில் நடந்தது இன்னொன்று. குதிரை வண்டிக்காரர்கள் அவருக்கு ஓட்ட மறுக்கிறார்கள். வண்டி மட்டும் வாடகைக்குக் கிடைக்கிறது. ஓட்டிப் பழகாத நம் ஆள் ஒருவர் ஆசையோடு ஓட்டுகிறார். பாலத்தில் வண்டி கவிழ்ந்து அம்பேத்கருக்குக் கால் எலும்பு முறிந்தது. இந்த இரண்டாவது கதையைப் படிக்கிற போதெல்லாம் எனக்கு நைனா ஞாபகம் வரும். அன்றைக்கு நம் ஜனங்களுக்கு அன்புக்குக் குறைவில்லை, மானத்துக்கும் குறைவில்லை. வண்டியும் கிடைத்தது. கடிவாளம் பிடிக்கத் தெரிந்த கைதான் கிடைக்கவில்லை. தெரிந்துகொள்ள விடாமல் வைத்திருந்தார்கள்.

வண்டி வாங்குவது உரிமை என்று மேடையில் பேசுகிறோம். சரிதான். ஆனால் நடுராத்திரி, தெரியாத ஊரின் எல்லையில், டீசல் குழாயில் காற்று புகுந்து நிற்கிறபோது கதவைத் தட்டினால் திறக்கமாட்டார்கள் என்று தெரிந்தவர்கள் நாம். நமக்குப் பிரிக்கவும் தெரியணும், கோர்க்கவும் தெரியணும். அந்த அறிவைச் சாமான் பை தூக்கித் திருடிக்கொண்டு வந்தார் நைனா. வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு மகனுக்கு மட்டும் கொடுத்தார். நமக்கு யார் யாரோ செய்ததை நாம் நம் வீட்டுப் பெண்களுக்குச் செய்தோம். அக்கா விளக்கைப் பிடித்துக்கொண்டே அதையும் திருடிக்கொண்டாள்.

இந்த வண்டிகள் இப்போது வருவதில்லை. புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகி, 2000ஐ ஒட்டி உற்பத்தி நின்றது. விதியைக் குறை சொல்லமாட்டேன். எங்கள் காலனிப் பிள்ளைகள் இதன் புகையில் இருமியதைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் அக்கா நாசில் விஷயத்தில் கறாராக இருக்கிறாள். கறுப்பாக வந்தால் அன்றைக்கு வண்டி வெளியே போகாது. சாமான்கள் பம்புசெட் கடையில்தான் தேடணும். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கப் போகும்போது, "பழைய இரும்புக்குப் போட்டுடலாமே" என்று ஒரு குரல் வரும். டீசலுக்கும் பெட்ரோலுக்கும் விலையில் பெரிய வித்தியாசமும் இல்லை. கணக்குப் பார்த்தால் வைத்திருக்க நியாயமே இல்லை.

டிசம்பர் 25க்கு வெண்மணி, ஜூன் 30க்கு மேலவளவு என்று வருஷத்துக்கு இரண்டு தூரப் பயணம் கட்டாயம் உண்டு. நடுவில் எங்கே என்ன நடந்தாலும், உண்மை அறியப் போகிற தோழர்களோடு நானும் கிளம்பிவிடுவேன். அவர்கள் காரில் முன்னால் போய்விடுவார்கள், நான் ஐம்பதில் பின்னால் போய்ச் சேருவேன். போகிற வழியில் எந்த ஊர்த் தெருவாக இருந்தாலும் சத்தம் முன்னாலேயே போய்ச் சொல்லிவிடும். இதைத் திருட்டுத்தனமாக ஓட்டிக்கொண்டு போக முடியாது.

நான் ஓட்டுகிறேன், எழுதுகிறேன். பிரிப்பதும் கோர்ப்பதும் அக்காதான். நைனாவின் கொட்டகையில் இப்போது அவள்தான் பம்புசெட் பார்க்கிறாள். பழைய கதையெல்லாம் எழுதப்போகிறேன், அந்தத் துளைக்கு ஒரு புதுச் சாவி போட்டுவிடலாமா என்று போன வாரம் கேட்டேன். வால்வு மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"விளக்குக்குத்தான சாவி? அதான் சுவிட்சு இருக்கே" என்றாள். "அந்த டார்ச்ச கொஞ்சம் இப்படிக் காட்டு."

காட்டினேன்.